ஆப்பிரிக்கா சஃபாரிக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மழைய பாருங்க: செரெங்கெட்டில இருந்து ஒகவாங்கோ வரைக்கும் முழு வழிகாட்டி

நான் ரெண்டு தடவை போயிட்டு வந்திருக்கேன். முதல் தடவை ஏப்ரல் மாசம், புள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவுன்னு அந்த தேதில டிக்கெட் போட்டுட்டோம். அங்க அப்பதான் பெருமழை காலம். தான்சானியா நாட்டுல இருக்குற செரெங்கெட்டி பார்க்குல பல இடத்துல இருக்குறது நம்ம கோவில்பட்டி பக்கம் இருக்குற மாதிரியே கரிசல் மண்ணு, ஒரு மழை பெஞ்சா டயர் முழுங்கிடும். வண்டி சிக்கி அரை நாள் நின்னோம், அதுக்கப்புறம் புல்லு ஆள் உயரம் இருந்ததால சிங்கம் பத்தடில படுத்திருந்தாலும் தெரியல. ரெண்டாவது தடவை ஜூலை மாசம் போனோம். அதே ரோடு, அதே பார்க், ஆனா வேற உலகம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இத எழுதுறேன். ஹோட்டல், ஃப்ளைட், கேமரா எல்லாம் அப்புறம், மழை எங்க எப்ப பெய்யுதுன்னு புரிஞ்சிக்கிட்டாதான் மத்ததெல்லாம் சரியா அமையும். இன்னொரு விஷயம், நிறைய இடத்த ஓடி ஓடி பாக்குறத விட கம்மி இடத்துல அதிக நாள் இருங்க. இந்த ரெண்டையும் மனசுல வச்சிட்டு கீழ படிங்க.

ஸ்டெப் 1: மாசத்த முடிவு பண்ணுங்க, அப்புறம்தான் நாடு

வட தான்சானியால வருஷத்துக்கு ரெண்டு மழை. மார்ச்ல ஆரம்பிச்சு மே வரைக்கும் பெருமழை, நவம்பர் டிசம்பர்ல சின்ன மழை. பன்னெண்டு பதிமூணு லட்சம் வைல்டுபீஸ்ட் (பாக்க மாடு மாதிரி இருக்குற பெரிய மான் வகை), அதுங்க கூட ரெண்டு லட்சம் வரிக்குதிரைன்னு எல்லாம் இந்த மழைக்கு முளைக்கிற புல்ல தேடித்தான் வருஷம் முழுக்க வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு. மைக்ரேஷன்னு சொல்றது ஏதோ ஒரு நாள் நடக்குற திருவிழா இல்ல, அது நிக்காம நடக்குற சுத்து, நீங்க போற மாசத்துல அது எந்த மூலைல இருக்குதுங்கிறதுதான் கேள்வி.

ஜனவரி கடைசில இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் கூட்டம் தெக்கு பக்கம், ந்டுட்டுங்கிற இடத்த சுத்தி இருக்கும். அங்க புல்லு குட்டையா இருக்கும், ஏன்னா பக்கத்துல இருக்குற ஓல் டோய்ன்யோ லெங்காய் மாதிரி எரிமலைங்க காலங்காலமா துப்புன சாம்பல்தான் அங்க மண்ணு. அதுல கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் ஜாஸ்தி, பால் குடுக்குற தாய்க்கு தேவையானது. அதனால அங்கதான் குட்டி போடும், அதுவும் எல்லாம் சேந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள லட்சக்கணக்குல. ஒரே நேரத்துல இவ்வளவு குட்டி இருந்தா சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்னும், மிச்சம் பொழைச்சிக்கும். பொறந்த குட்டி சில நிமிஷத்துல எழுந்து நின்னு அம்மா கூட ஓட ஆரம்பிச்சிடும்.

மே ஜூன்ல மேக்கால க்ருமெட்டி ஆத்து பக்கம் நகரும். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் வடக்கு, கோகடெண்டே பக்கம் மாரா ஆத்த கடக்குற காலம், முதலைங்க காத்திருக்கும்னு டிவில பாக்குறது இதுதான். நவம்பர்ல சின்ன மழை ஆரம்பிச்சதும் திரும்ப தெக்க பாத்து கெளம்பும்.

இப்ப தெக்கு ஆப்பிரிக்கா பக்கம் பாப்போம். போட்ஸ்வானால ஒகவாங்கோ டெல்டான்னு ஒன்னு இருக்கு, 2014-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஆயிரமாவது இடமா சேந்தது. அதோட அதிசயம் என்னன்னா மழை பெய்யுறது அங்க இல்ல, தூரத்துல அங்கோலா மலைல ஜனவரி பிப்ரவரில பெய்யுற மழை மெல்ல மெல்ல இறங்கி மாசக்கணக்குல நடந்து வந்து ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் டெல்டாவ நெரப்புது. அதாவது உள்ளூர்ல ஒரு சொட்டு மழை இல்லாம எல்லாம் காஞ்சு கெடக்குற நேரத்துல வெள்ளம் வருது. சுத்தி இருக்குற மிருகமெல்லாம் தண்ணிக்கு அங்கதான் வரும். அந்த தண்ணி கடலுக்கு போறதே இல்ல, கலஹாரி பாலைவன மணல்லயும் வெயில்லயும் முடிஞ்சிடும்.

ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லைல இருக்குற விக்டோரியா ஃபால்ஸ் அருவில தண்ணி உச்சத்துல இருக்குறது மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும், ஆனா அப்ப சாரல் அடிக்கிற அடில அருவியே கண்ணுக்கு தெரியாது. அக்டோபர் நவம்பர்ல ஜாம்பியா பக்கம் பாறைதான் பாக்கணும்.

இதெல்லாம் கூட்டி கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே பயணத்துல போறவங்களுக்கு ஜூலைதான், தாண்டுனா ஆகஸ்ட். தான்சானியால தரங்கிரே பார்க்குல யானை கூட்டம், மாரா ஆத்துல கூட்டம் வந்து சேர்ற நேரம், ஒகவாங்கோல தண்ணி, அருவில பாக்குற அளவுக்கு தண்ணி, எல்லாம் ஒத்து வரும். தான்சானியா மட்டும்னா என் ஓட்டு பிப்ரவரிக்கு. கோடை லீவுல மட்டும்தான் போக முடியும்ங்கிறவங்க மே கடைசி வாரத்துக்கு தள்ளி பாருங்க, ஏப்ரல் வேண்டவே வேண்டாம்.

ஸ்டெப் 2: பேப்பர் வேலை, ஊசி, மாத்திரை

தான்சானியாவுக்கு இ-விசா ஆன்லைன்லயே எடுக்கலாம், இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு 50 டாலர். நைரோபி வழியா கென்யாக்குள்ள இறங்குறதா இருந்தா 2024 ஜனவரில இருந்து விசாக்கு பதிலா இ.டி.ஏ-ன்னு ஆன்லைன் பயண அனுமதி எடுக்கணும். ஜிம்பாப்வே, ஜாம்பியா, போட்ஸ்வானா மூணுக்கும் ரூல் அப்பப்ப மாறுது, அந்தந்த நாட்டு அரசாங்க சைட்டுல மட்டும் பாருங்க, ஏஜென்ட் சைட்ட நம்பாதீங்க. அதே டிசைன்ல போலி சைட்டுங்க நெறைய சுத்துது, அதுல பணம் கட்டி ஏமாந்தவங்கள எனக்கே தெரியும். பாஸ்போர்ட்ல ஆறு மாசம் வேலிடிட்டி, காலி பக்கம் அஞ்சாறு இருக்கட்டும், இந்த பார்டருங்கள்ல சீல் குத்துறதுக்கு பக்கம் வேகமா தீந்துடும்.

மஞ்சக் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர்) ஊசிய சாதாரணமா நினைக்காதீங்க. நம்ம ஊர்ல இருந்து போற ஃப்ளைட்டுங்க நெறைய அடிஸ் அபாபா இல்லைன்னா நைரோபி வழியா போகும், எத்தியோப்பியா கென்யா ரெண்டும் மஞ்சக் காய்ச்சல் நாடுங்க பட்டியல்ல இருக்கு, திரும்பி இந்தியா வரும்போது கார்டு இல்லைன்னா தனியா அடைச்சு வைக்க கூட அதிகாரம் இருக்கு. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்லயும் போர்ட் ஹெல்த் ஆபீஸ்லயும் போடுறாங்க. போற தேதிக்கு குறைஞ்சது பத்து நாள் முன்னாடி போட்டிருக்கணும், அப்பதான் செல்லும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். எல்லா நாளும் போட மாட்டாங்க, முன்னாடியே கேட்டு ஸ்லாட் வாங்கிட்டு பாஸ்போர்ட்டோட போங்க.

மலேரியா மாத்திரைய டாக்டர் கிட்ட கேட்டுதான் எடுக்கணும். ரெண்டு வகை ஜாஸ்தி எழுதுவாங்க. அட்டோவாகோன்-ப்ரோகுவானில்னா போறதுக்கு ஒரு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு திரும்பி வந்து ஏழு நாள் வரைக்கும். டாக்ஸிசைக்ளின் விலை கம்மி, ஆனா வந்து நாலு வாரம் வரைக்கும் போடணும், வெயில் பட்டா சிலருக்கு தோல் சிவந்து எரியும், நாள் பூரா வெயில்ல இருக்குற பயணத்துக்கு அதையும் யோசிச்சுக்கோங்க.

இன்ஷூரன்ஸ்ல ஏர் ஆம்புலன்ஸ் கவர் இருக்கான்னு பாருங்க. நடுக்காட்டுல ஏதாவது ஆனா ரோட்டுல ஆஸ்பத்திரிக்கு எட்டு மணி நேரம். தான்சானியாவோட ஜான்சிபார் தீவுக்கு போறவங்க அங்க தனியா ஒரு இன்ஷூரன்ஸ் 44 டாலர் கட்டணும், 2024 அக்டோபர்ல இருந்து கட்டாயம், நம்ம ஊர் பாலிசி இருந்தாலும் விட மாட்டாங்க.

டாலர் நோட்டு புதுசா, கிழியாம, பேனா கிறுக்கல் இல்லாம எடுத்துட்டு போங்க. 2009-க்கு முன்னாடி அடிச்ச நோட்ட பல இடத்துல தொடவே மாட்டாங்க.

ஸ்டெப் 3: வண்டியும் கைடும்

வட தான்சானியாவுக்கு எல்லாரும் அருஷாங்கிற ஊர்ல இருந்துதான் கெளம்புவாங்க, பக்கத்து இன்டர்நேஷனல் ஏர்போர்ட் கிளிமஞ்சாரோ. நூத்துக்கணக்குல ஆபரேட்டருங்க இருக்காங்க. நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி டாலாங்கிற அரசாங்க டூரிஸம் லைசென்ஸ் இருக்கான்னு. அடுத்த கேள்வி விலைக்குள்ள பார்க் ஃபீஸ் சேந்திருக்கான்னு. செரெங்கெட்டிக்கு ஒரு ஆளுக்கு 24 மணி நேரத்துக்கே வரியோட 80 டாலர் சுத்தி வந்துடும், ங்கோரோங்கோரோங்கிற எரிமலை பள்ளத்துக்குள்ள இறங்குறதுக்கு வண்டிக்கு தனியா 250 டாலர், அதுக்கு மேல வரி. இந்த கணக்கு தெரிஞ்சுட்டா ரொம்ப சீப்பா ஒருத்தர் விலை சொன்னா எங்க கை வைக்க போறாருன்னு உங்களுக்கே புரிஞ்சிடும், டயர்லயோ சாப்பாட்டுலயோ கைடு சம்பளத்துலயோதான் வைக்கணும். எங்க முதல் பயணத்துல அதான் நடந்தது, வழுக்குன டயரோட வந்த வண்டிதான் அன்னைக்கு கரிசல்ல சிக்குனது.

அந்த 24 மணி நேரம்ங்கிறது கேட்டுல நுழைஞ்ச நிமிஷத்துல இருந்து கணக்கு. மதியம் ஒரு மணிக்கு நுழைஞ்சா கடைசி நாள் மதியம் ஒரு மணிக்குள்ள வெளிய வந்தாகணும், இல்லைன்னா இன்னொரு நாள் காசு. நல்ல கைடு இத வச்சுதான் நேரத்த பிளான் பண்ணுவாரு.

வண்டி நீளமான லேண்ட் க்ரூசரா, மேல் கூரை தூக்குற மாதிரி இருக்கணும். ஆளுக்கு ஒரு ஜன்னல் சீட்டுன்னு எழுதி வாங்கிக்கோங்க. நாலு பேரா சேந்து போனா செலவு நல்லா குறையும், ஆறு பேருக்கு மேல வேண்டாம். டென்ட் கேம்பிங்னா செலவு பாதி, சமையல்காரர் கூடவே வருவாரு.

எல்லாத்துக்கும் மேல கைடு. பேரு முன்னாடியே கேளுங்க, வாட்ஸப்ல ஒரு தடவை பேசுங்க, எந்த மாசம் கூட்டம் எங்க இருக்கும்னு கேட்டு பாருங்க. "எல்லாம் பாக்கலாம் சார், கேரண்டி"ன்னு சொல்றவர் வேண்டாம். "காத்திருக்க பொறுமை இருக்கா"ன்னு உங்களையே திருப்பி கேக்குறாரு பாருங்க, அவர புடிச்சிக்கோங்க. டிப்ஸ் வண்டிக்கு ஒரு நாளைக்கு 20 டாலர் சுத்தி குடுக்குறது அங்க வழக்கம், அத பட்ஜெட்லயே ஒதுக்கிடுங்க, அவங்க குடும்பம் அத நம்பிதான் இருக்கு.

ஸ்டெப் 4: மூட்டை

சின்ன ப்ளேன்ல பார்க்குக்கு பார்க் போறதா இருந்தா 15 கிலோதான், கைப்பையும் சேத்து, அதுவும் சக்கரம் வச்ச கட்டியான பெட்டி ஏறாது, மடங்குற துணிப்பைதான். பிளாஸ்டிக் கவரு தான்சானியால 2019 ஜூன்ல இருந்து தடை, ட்ரெஸ்ஸ கவர்ல சுத்தி வைக்கிற பழக்கத்த வீட்டுலயே விட்டுட்டு போங்க.

துணி காக்கி, மண் கலர், பச்சை. நீலமும் கறுப்பும் போடாதீங்க, ட்செட்சி ஈ அந்த ரெண்டு கலருக்கும்தான் ஓடி வரும். தரங்கிரேல அது கடிச்சா ஜீன்ஸ தாண்டி ஊசி குத்துற மாதிரி இருக்கும், கொசு ஸ்ப்ரேக்கெல்லாம் அது பயப்படாது.

ஆப்பிரிக்கான்னா சூடுன்னு நினைச்சுட்டு ஸ்வெட்டர் இல்லாம போறவங்க நெறைய. ங்கோரோங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர் உயரம், நம்ம ஊட்டிய விட கொஞ்சம் ஜாஸ்தி. ஜூலைல ராத்திரி டென்ட்ல படுத்தா எலும்பு வரைக்கும் குளிரும். போட்ஸ்வானால ஜூலை விடிகாலைல திறந்த ஜீப்புல போறப்ப மஃப்ளர், குல்லா, கை உறை மூணும் வேணும்.

கேமராக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பைனாகுலர் வாங்குங்க, 8x42-ன்னு போட்டிருக்குறது போதும். ஒன்ன வச்சு நாலு பேரு மாத்தி மாத்தி பாத்தா அதுக்குள்ள சிறுத்தை போயிடும்.

ஸ்டெப் 5: வட தான்சானியா, நாள் கணக்கு

முதல் ராத்திரி அருஷாலயே தூங்குங்க, ஃப்ளைட் அலுப்போட காட்டுக்குள்ள போகாதீங்க.

ரெண்டாவது நாள் தரங்கிரே. அருஷால இருந்து ரெண்டரை மணி நேரம். பெரிய பெரிய பாவோபாப் மரம், அதான் நம்ம ராமநாதபுரம் பக்கம் அங்கங்க நிக்குமே பொந்தன்புளின்னு, அதே மரம்தான், அரபு வியாபாரிங்க நம்ம கரைக்கு கொண்டு வந்ததுன்னு சொல்லுவாங்க. சொந்த ஊர்ல அது காடா நிக்குறத பாக்கும்போது எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. தண்ணி வத்துன காலத்துல யானைங்க அந்த மரப்பட்டைய உரிச்சு மென்னு ஈரம் எடுத்துக்கும், அடிமரத்துல தழும்பு பாருங்க.

மூணாவது நாலாவது நாள் எயாசி ஏரி, இத பத்தி கீழ தனியா சொல்றேன்.

அஞ்சாவது நாள்ல இருந்து செரெங்கெட்டி, குறைஞ்சது நாலு ராத்திரி. 14,763 சதுர கிலோமீட்டர், ரெண்டு ராத்திரில ஒன்னும் ஆகாது. அந்த பேருக்கு, அங்க மாடு மேய்க்கிற மாசாய் ஜனங்க மொழில முடிவே இல்லாம விரிஞ்ச இடம்னு அர்த்தம். போற வழில ஓல்டுபாய் பள்ளத்தாக்குல ஒரு மணி நேரம் நில்லுங்க. மேரி லீக்கிங்கிற ஆராய்ச்சியாளர் 1959-ல ஆதி மனுஷ இனத்தோட மண்டை ஓட்ட எடுத்த இடம் அது, கொஞ்சம் தெக்க லேட்டோலில 36 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி எரிமலை சாம்பல்ல ரெண்டு கால்ல நடந்து போனவங்களோட காலடி இருக்கு, அதோட வார்ப்ப மியூசியத்துல வச்சிருக்காங்க. சின்னதா ஒரு காலடி, பக்கத்துல பெரிய காலடி. அத பாத்துட்டு செரெங்கெட்டிக்குள்ள போங்க, பாக்குற பார்வையே மாறிடும்.

ஜூலைன்னா ரெண்டு ராத்திரி நடுவுல செரொனெரா, ரெண்டு ராத்திரி வடக்க கோகடெண்டே. செரொனெராவுல ஆத்தோரமா மரம் இருக்கும், சிறுத்தைக்கு அதான் வீடு. மரக்கிளைல வால் தொங்குதான்னு பாருங்க, உடம்ப தேடாதீங்க. பாறைக் குன்றுங்க மேல சிங்கம் வெயில் காயும்.

மாரா ஆத்தங்கரைல என்ன நடக்கும்னா, கூட்டம் கரைக்கு வரும், நிக்கும், பின்னாடி திரும்பி போகும், திரும்ப வரும். நாங்க அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தோம். பாதில பல வண்டிங்க கெளம்பி போயிடுச்சு. திடீர்னு ஒரு வரிக்குதிரை இறங்குச்சு, அவ்வளவுதான், புழுதி, சத்தம், ஆயிரக்கணக்குல குதிச்சு தண்ணிக்குள்ள. இருபது நிமிஷம். என் மனைவி அழுதுட்டே பாத்தாங்க, நான் போட்டோ எடுக்கணும்ங்கிறதயே மறந்துட்டேன்.

இங்க ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிவு பண்ணி இறங்குற வரைக்கும் வண்டி தள்ளி நிக்கணும். 2025-ல ஜனங்க வண்டிய விட்டு இறங்கி கரைய அடைச்சு நின்னு மிருகங்க மெரண்டு தவிச்ச வீடியோ வந்துச்சே, அது இங்கதான். உங்க டிரைவர கிட்ட போக சொல்லி நச்சரிக்காதீங்க. ஃபைன் வந்தா அவர் லைசென்ஸ்தான் போகும், உங்களுக்கு ஒன்னும் ஆகாது. நச்சரிக்காம இருந்தாலே அவர் ரொம்ப நிம்மதியா நல்லா காட்டுவாரு.

கேம்ப்ல வேலி கிடையாது. டென்ட்குள்ள பிஸ்கட் கூட வைக்காதீங்க, ஜிப்ப முழுசா மூடுங்க, ராத்திரி டாய்லெட் போகணும்னா முதல்ல தலைய மட்டும் வெளிய நீட்டி டார்ச்ச மெதுவா சுத்தி அடிச்சு பாருங்க, கண்ணு மின்னுனா உள்ளயே இருங்க. கழுதைப்புலி கூவுறது ஊஊஊப்னு கேட்டுக்கிட்டே இருக்கும், முதல் ராத்திரி தூக்கம் வராது, மூணாவது ராத்திரி அது இல்லாம தூக்கம் வராது.

திரும்பும்போது ங்கோரோங்கோரோ. எரிமலை உள்ள இடிஞ்சு விழுந்து ஆன பள்ளம், 600 மீட்டர் ஆழம், கீழ தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். காலைல ஆறு மணிக்கு முதல் வண்டியா இறங்குங்க, பத்து மணிக்கு மேல கூட்டம். கறுப்பு காண்டாமிருகம் பாக்கணும்னா இங்கதான் வாய்ப்பு, தூரத்துல ஒரு கறுப்பு புள்ளியா தெரிஞ்சாலும் அதுவே பெருசு. ஒட்டகச்சிவிங்கி மட்டும் உள்ள இருக்காது.

ஸ்டெப் 6: மனுஷங்க கிட்ட போறது எப்படி

மிருகத்த பாக்க போறவங்க மனுஷங்கள காட்சிப்பொருள் மாதிரி பாத்துட்டு வர்றத நெறைய பாத்துட்டேன், மனசு கஷ்டமா இருக்கும். ரோட்டோரம் இருக்குற மாசாய் போமாங்கள்ல, அதாவது அவங்க குடியிருப்புல, வண்டிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கி குதிக்கிற நடனம் காட்டி பாசிமணி விப்பாங்க. அது தப்புன்னு சொல்லல, அவங்களுக்கும் வருமானம் வேணும். 1959-ல செரெங்கெட்டிக்குள்ள இருந்த மாசாய் ஜனங்கள வெளிய அனுப்பி ங்கோரோங்கோரோ பக்கம் இருக்க சொன்னாங்க, இப்ப 2022-ல இருந்து அங்கருந்தும் ம்சோமெராங்கிற ஊருக்கு இடம் மாத்துற வேலை நடக்குது, அத பத்தி அவங்களுக்குள்ள ரொம்ப வேதனையும் எதிர்ப்பும் இருக்கு. இத தெரிஞ்சுட்டு போய் உக்காந்து மாடு பத்தி பேசுங்க, நம்ம ஊர்ல ஜல்லிக்கட்டு காளை வளக்குறவர் எப்படி பேசுவாரோ அப்படித்தான் அவங்க ஒவ்வொரு மாட்டையும் பத்தி பேசுவாங்க. போட்டோ எடுக்க கேட்டுட்டுதான் எடுக்கணும்.

எயாசி ஏரிக்கரைல ஹட்ஸாபே ஜனங்க இருக்காங்க, ஆயிரத்து சொச்சம் பேர்தான், வேட்டையாடி, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழுறவங்க. பேச்சுக்கு நடுவுல நாக்கால சொடக்கு சத்தம் வரும். விடியறதுக்கு முன்னாடி போகணும், அவங்க வில்லோட கெளம்புவாங்க, கூட ஓட்டமும் நடையுமா போகணும், முள்ளுக்கு கனமான ஷூ வேணும். ஹனிகைடுன்னு ஒரு குருவி இருக்கு, அவங்க விசில் அடிச்சா அது பதில் குடுத்து தேன்கூடு இருக்குற மரத்துக்கு கூட்டிட்டு போகும், அவங்க தேன எடுத்துட்டா மெழுகு அதுக்கு. வேட்டைல எது கெடச்சாலும் அங்கயே சுட்டு சாப்பிடுவாங்க, பாக்க முடியாதவங்க தள்ளி உக்காருங்க, முகம் சுளிக்காதீங்க. சாராயம், சிகரெட் எதுவும் கொண்டு போய் குடுக்காதீங்க, வர்றவங்க குடுத்து குடுத்து கெடுத்தது போதும். 2011-ல யாயிடா பள்ளத்தாக்குல அவங்க நிலத்துக்கு வழக்க உரிமைப் பத்திரம் கெடச்சது, அந்த நிலம் இருந்தாதான் அவங்க வாழ்க்கை இருக்கும். பக்கத்துலயே டடோகாங்கிற இனத்து கொல்லருங்க பழைய பூட்டு, பித்தளை குழாய் எல்லாம் உருக்கி வளையல் அடிக்கிறாங்க, நேரா அவங்க கிட்டயே வாங்குங்க.

அங்க பேசுற சுவாஹிலி மொழி கொஞ்சம் கத்துக்கோங்க. பெரியவங்கள பாத்தா "ஷிகாமூ", அவங்க "மரஹாபா"ன்னு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல கும்பிட்டா "நல்லா இரு"ம்பாங்களே அந்த மாதிரி. நன்றிக்கு "அசாண்டே சானா", மெதுவா மெதுவான்னா "போலே போலே". சாக்குப்பைக்கு அங்க குனியா, நம்ம கோணி. லட்சத்துக்கு லாகி, வளையலுக்கு பங்கிலி, சப்பாத்திக்கு சப்பாத்திதான். இந்தியக் கடல் தாண்டி எத்தனையோ நூறு வருஷமா பாய்மரக் கப்பல்ல போய் வந்த பேச்சு இது.

சைவம் சாப்பிடுறவங்க பயப்பட வேண்டாம். "சிலி ந்யாமா"ன்னா நான் கறி சாப்பிட மாட்டேன்னு அர்த்தம், கூடவே மீனும் கோழியும் வேண்டாம்னு தனியா சொல்லிடுங்க. உகாலி கெட்டியான மக்காச்சோளக் களி, மஹாராகே பயறு குழம்பு, ம்சிச்சா நம்ம தண்டுக்கீரை வகைதான். களிய கையால உருட்டி கீரைய தொட்டு சாப்பிட்டா வீட்டு ஞாபகம் வந்துடும். ஊறுகாய் பாட்டில் ஒன்னு எடுத்துட்டு போங்க, எங்க சமையல்காரர் அண்ணன் பாதி பாட்டில அவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு.

ஜான்சிபார்ல மூணு நாள் இருக்கலாம். கிராம்பு தோட்ட டூர் நம்ம கொல்லிமலை, தேக்கடி எல்லாம் பாத்தவங்களுக்கு அவ்வளவு அவசியம் இல்ல. அங்க பழைய ஊரான ஸ்டோன் டவுன்ல அடிமைச் சந்தை இருந்த இடத்துல கட்டுன சர்ச்சுக்கு கண்டிப்பா போங்க, 1873-ல சந்தைய மூடுனதும் அங்கயே கட்டுனது. ஊருக்குள்ள தோள், முட்டி மூடுற மாதிரி உடுத்துங்க. சாயங்காலம் கடற்கரை ஃபொரொதானில உரோஜோ குடிங்க, மாங்காய் புளிப்பும் பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பு.

ஸ்டெப் 7: தெக்கு பக்கம்

நைரோபி வழியா விக்டோரியா ஃபால்ஸ் போகலாம். உள்ளூர் பேரு மோசி-ஓவா-துன்யா, இடி இடிக்கிற புகை. 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். ஜிம்பாப்வே பக்கம்தான் முழுசா தெரியும், ஒரு பக்கத்துக்குத்தான் நேரம்னா அத எடுங்க. பௌர்ணமில போனா ராத்திரி நிலா வெளிச்சத்துல வானவில் பாக்கலாம், தண்ணி ஜாஸ்தி இருக்குற மாசத்துல. ரெண்டு நாள் போதும்.

அங்கருந்து ரெண்டு மணி நேரத்துல பார்டர் தாண்டி கசானே, சோபே நேஷனல் பார்க். போட்ஸ்வானா மொத்தத்துல 1,30,000 யானை இருக்கு, உலகத்துலயே இந்த நாட்டுலதான் ஜாஸ்தி. ஜீப்ப விட சாயங்கால போட்டுக்கு காசு போடுங்க. குட்டிய நடுவுல விட்டு தும்பிக்கைய மட்டும் மேல தூக்கிட்டு யானைக் கூட்டம் செடூடு தீவுக்கு நீந்தும். அந்த தீவு யாருக்குன்னு நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச கோர்ட் வரைக்கும் போய் 1999-ல போட்ஸ்வானாக்கு தீர்ப்பாச்சு. யானைங்களுக்கு எந்த தீர்ப்பும் தேவைப்படல, புல்லு இருக்கு, போகுது.

கடைசியா மௌன் ஊருக்கு போய் ஒகவாங்கோ. மொகோரோங்கிற ஒல்லியான படகு, பின்னாடி நின்னு ஒருத்தர் கழி ஊனி தள்ளுவாரு. முன்னாடி பெரிய மரத்த குடைஞ்சு செஞ்சாங்க, இப்ப மரத்த காப்பாத்த ஃபைபர்ல செய்யுறாங்க. கிராமத்து ஆளுங்களே சேந்து நடத்துற குழுக்கள் மூலமா எடுங்க, ரெண்டு ராத்திரி தீவுல டென்ட். இன்ஜின் சத்தம் இல்ல, தண்ணி கண்ணு மட்டத்துல, அல்லிப்பூ கை எட்டுற தூரத்துல. நீர்யானை இருக்குற ஆழமான எடத்த படகோட்டி சுத்திதான் போவாரு, அவர் பேசாதீங்கன்னா பேசாதீங்க, கைய தண்ணில விடாதீங்க. தீவுல நடக்கும்போது வரிசையா அவர் பின்னாடி போங்க, எதிர்ல எது வந்தாலும் ஓடக்கூடாது, அவர் சொல்ற திசைல மெதுவா பின்வாங்கணும். எங்களுக்கு நாப்பது அடில ஒரு ஒத்தை யானை வந்து காத விரிச்சு நின்னுச்சு. படகோட்டி ஐயா எங்கள ஒரு புத்துக்கு பின்னாடி நிறுத்திட்டு காத்து எந்த பக்கம் அடிக்குதுன்னு மண்ண தூவி பாத்தாரு. பத்து நிமிஷம். அது போயிடுச்சு.

போட்ஸ்வானால ரோட்டுல மாட்டு நோய் தடுப்பு செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி ஷூவ மருந்து தண்ணில மிதிக்க சொல்லுவாங்க, பச்சை கறி கொண்டு போக விட மாட்டாங்க.

ஸ்டெப் 8: திரும்பும்போது

மஞ்சக் காய்ச்சல் கார்ட செக்-இன் பைல போட்டுடாதீங்க, பாஸ்போர்ட் கூடவே கைல இருக்கட்டும். யானைத் தந்தம், எலும்பு, இறகு, பவழம், பெரிய சங்கு எதையும் வாங்காதீங்க, தரைல கெடந்ததா இருந்தாலும் எடுக்காதீங்க, ரெண்டு பக்கமும் கஸ்டம்ஸ்ல மாட்டுவீங்க. மலேரியா மாத்திரைய வீட்டுக்கு வந்ததும் நிறுத்திடாதீங்க, கடைசி மாத்திரை வரைக்கும் போடுங்க. வந்து சில மாசத்துக்குள்ள எப்ப காய்ச்சல் வந்தாலும் கடைல மாத்திரை வாங்கி சமாளிக்காம அன்னைக்கே டாக்டர் கிட்ட போய், எந்தெந்த நாட்டுல எத்தனை ராத்திரி இருந்தேன்னு தேதியோட சொல்லி, ரத்தம் டெஸ்ட் பண்ண சொல்லுங்க.